பெட்ரோல் செலவைக் குறைக்க முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

நாளை முதல் பெட்ரோல் ரெண்டு ரூபாய் ஏறுகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் போதும், அன்று ராத்திரி பங்க்கில் வரிசை தெருமுனை வரை நிற்கும். நானும் நின்றிருக்கிறேன். முக்கால் மணி நேரம் வண்டியை உருட்டி உருட்டி நகர்த்தி, எட்டு லிட்டர் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு மிச்சமானது 16 ரூபாய். ஒரு டீக்குச் சரியாக இருந்தது.

விலை நம் கையில் இல்லை. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்று ஏற்பாடு செய்தார்கள். கச்சா எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பது கணக்கு. நடந்தது வேறு. 2021 ஜூலையில் சென்னையில் 100 ரூபாயைத் தாண்டியது, ஆகஸ்டில் மாநில அரசு 3 ரூபாய் வரியைக் குறைத்தது, நவம்பரில் ஒன்றிய அரசு கலால் வரியில் 5 ரூபாய் குறைத்தது. அப்புறம் ஐந்து மாநிலத் தேர்தல் முடியும் வரை 137 நாள் ஒரு பைசா அசையவில்லை. 2022 மார்ச் 22-இல் ஆரம்பித்து ஏப்ரல் 6-க்குள் ஏறக்குறைய 10 ரூபாய் ஏற்றினார்கள், சென்னையில் 110 ரூபாய் 85 காசு. மே மாதம் கலால் வரியில் 8 ரூபாய் குறைத்ததும் 102.63-க்கு வந்து, அதே இடத்தில் ஏறக்குறைய இரண்டு வருடம் உட்கார்ந்துகொண்டது. அடுத்த குறைப்பு 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, ரெண்டே ரெண்டு ரூபாய். ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் குறையும் என்று வருடா வருடம் பேசுகிறார்கள், கொண்டுவரவில்லை. இதற்காகக் காத்திருப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நான் பெருங்களத்தூரில் இருந்து கிண்டிக்கு பைக்கில் போய் வருகிறவன். போக வர 40 கிலோமீட்டர், மாதம் 24 நாள், மற்ற அலைச்சலும் சேர்த்தால் மாதம் 1,200 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 48 கொடுத்தால் 25 லிட்டர் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் என்று முழுசாக வைத்துக்கொண்டால் 2,500 ரூபாய். விலை ரெண்டு ரூபாய் ஏறினால் எனக்குக் கூடுதல் செலவு 50 ரூபாய். ஆனால் அதே வண்டி 48-க்குப் பதில் 40 கொடுக்க ஆரம்பித்தால் 30 லிட்டர், 3,000 ரூபாய். அதாவது லிட்டருக்கு 20 ரூபாய் ஏறியதற்குச் சமம். அரசாங்கம் ஒரே நாளில் 20 ரூபாய் ஏற்றினால் ஊரே ரோட்டுக்கு வந்துவிடும். நம் வண்டியே ஏற்றும்போது மட்டும் நமக்குத் தெரிவதே இல்லை, எனக்கும் நாலு மாதம் தெரியவில்லை.

அதனால்தான் நோட்டு.

நோட்டில் என்ன எழுத வேண்டும்

பத்து ரூபாய் நோட்டு போதும், டேங்க் கவரிலோ சீட்டுக்கு அடியிலோ கிடக்கட்டும். போனிலும் எழுதலாம், ஆனால் எண்ணெய்க் கையோடு பங்க்கில் போனை எடுப்பதைவிட பேனா வசதி, அதுவுமில்லாமல் பங்க்கில் போனை எடுக்காமல் இருப்பதே நல்லது. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் தேதி, ஓடோமீட்டர் எண், எத்தனை லிட்டர், எத்தனை ரூபாய், கடைசியில் குறிப்பு எழுத ஒரு அகலமான இடம். சர்வீஸ் விட்டது, டயர் மாற்றியது, பங்க் மாற்றியது, மழைக்காலம், பின்னால் ஆள் உட்கார்ந்து வந்தது எல்லாம் அந்தக் குறிப்பில் வர வேண்டும். பின்னால் உபயோகப்படப்போவது அந்தக் குறிப்புதான்.

மைலேஜ் பார்ப்பதற்கு 'நூறு ரூபாய்க்குப் போட்டேன், மூணு நாள் ஓடியது' என்பதெல்லாம் உதவாது. டேங்க் ஃபுல் செய்யுங்கள். நாசில் தானாக ஒருமுறை கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு மேல் 'ரவுண்ட் பண்ணிடறேன்' என்று சொட்டுச் சொட்டாக விட விடாதீர்கள். ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்யுங்கள். குறைந்தது 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே பங்க்கில், முடிந்தால் அதே மெஷினில், மறுபடி முதல் கட் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். பைக்காக இருந்தால் இரண்டு முறையும் சென்டர் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும், சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் டேங்க்கின் அளவு ஏமாற்றும். இப்படி மூன்று முறை பார்த்து சராசரி எடுங்கள், ஒரு தடவை வந்ததை நம்பாதீர்கள்.

கார்க்காரர்கள் சிலர் 'டிஸ்ப்ளேயிலேயே காட்டுதே சார்' என்பார்கள். என் பழைய சின்னக் கார் டிஸ்ப்ளேயில் 16.8 காட்டிய அதே வாரத்தில் நோட்டில் வந்தது 15.1. நான் நோட்டைத்தான் நம்புகிறேன்.

மைலேஜ் வந்ததும் லிட்டர் விலையை அதால் வகுத்து, ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிடுங்கள். என் பைக்குக்கு 2 ரூபாய் 10 காசு, காருக்கு டவுனுக்குள் 7 ரூபாய் சில்லறை. இது தெரிந்த பிறகு, மூணு தெரு தள்ளி இருக்கும் கடைக்குப் பால் வாங்கக் காரை எடுக்க எனக்கு மனசு வருவதில்லை. அதிலும் எஞ்சின் சூடாவதற்குள் முடிந்துபோகும் அந்த மாதிரி ஓட்டத்தில்தான் பெட்ரோல் அதிகம் குடிக்கும், வழக்கமான மைலேஜ் வராது.

வண்டி எங்கே குடிக்கிறது

எனக்கு நாலு மாதம் தெரியாமல் போன கதை இதுதான். ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டு எடுத்தேன். கழுவித் துடைத்து பளபளவென்று கொடுத்தார்கள், பிரேக் நன்றாகப் பிடித்தது, நானும் சந்தோஷமாக ஓட்டினேன். 48 கொடுத்த வண்டி 39-க்கு இறங்கியிருந்தது. அப்போது நான் ஒழுங்காக எழுதுவதில்லை, அதனால் பெட்ரோலில் எதையோ கலக்கிறான் என்று பங்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் தெரு பஞ்சர் கடை அண்ணன், பின் டயரைக் கழற்ற சென்டர் ஸ்டாண்ட் போட்டவர், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பிரேக்கைப் புடிச்சிக்கிட்டே ஓட்டுறீங்களா?" என்றார். பின் பிரேக் ராடில் நட்டை அளவுக்கு மீறி இறுக்கி விட்டிருந்தார்கள், டிரம்முக்குள் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நட்டை ஒண்ணரை சுற்றுத் தளர்த்தினார். காசு வாங்கவில்லை.

அதனால் எந்த சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்தாலும் முதல் வேலையாக சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுண்டு சுண்டுங்கள். ரெண்டு மூணு சுற்றாவது தடையில்லாமல் ஓட வேண்டும். சர்... என்று உரசி உடனே நின்றால் பிரேக் பிடிக்கிறது அல்லது செயின் இறுகியிருக்கிறது. காரில் இப்படிச் சுற்றிப் பார்க்க முடியாது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள், ஒன்று மட்டும் மற்றதைவிட அனலடித்தால் அங்கே பிரேக் விடவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது காற்று. இதைச் சொன்னால் எல்லோரும் 'தெரியும் தெரியும்' என்பார்கள், கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தீர்கள் என்று கேட்டால் யோசிப்பார்கள். டயர் ஓட்டையே இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) தானாக இறங்கும். இரண்டு மாதம் விட்டால் டயர் பரந்து உட்கார்ந்து, எஞ்சின் அதையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதைக் காற்றடிக்கிற பையனிடம் கேட்காதீர்கள், அவன் எல்லா வண்டிக்கும் ஒரே எண்தான் சொல்வான். காரில் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், பைக்கில் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருப்பார்கள், இல்லையென்றால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பங்க்கில் காற்று இலவசம், அது அவர்கள் கட்டாயம் கொடுக்க வேண்டிய வசதி. பையனுக்கு அஞ்சோ பத்தோ கொடுப்பது உங்கள் இஷ்டம். நைட்ரஜன் அடிக்கட்டுமா என்று கேட்டால், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர் ஃபில்டரை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். ரோடு வேலை நடக்கிற பகுதியில் ஓட்டினால் புத்தகத்தில் போட்ட கணக்குக்கு முன்னாலேயே அடைந்துவிடும். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைத்து செயினுக்கான லூப் ஆயில் போடுங்கள், வேஸ்ட் ஆயில் ஊற்றாதீர்கள், அது மண்ணைத்தான் பிடித்துவைக்கும். எஞ்சின் ஆயில் தடிமன் என்ன என்று கம்பெனி சொன்னதோ அதையே போடுங்கள், 'கெட்டியா இருந்தா எஞ்சினுக்கு நல்லது' என்பது பழைய வண்டிகளின் காலத்துப் பேச்சு. கார் டிக்கியில் போன தீபாவளிக்கு வைத்த சாமான் இன்னும் கிடந்தால் இறக்கி வையுங்கள்.

எத்தனால் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மைலேஜ் குறைந்ததற்கு வண்டியை மட்டும் குறை சொல்ல முடியாது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதே அளவு பெட்ரோலோடு பார்த்தால் எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. நிதி ஆயோக்கின் அறிக்கையே, பழைய வகை கார்களில் 6 முதல் 7 சதவீதம், இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று சொன்னது. அதனால் 48 கொடுத்த பைக் 46 கொடுத்தால் மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். 40-க்கு இறங்கினால் ஓடுங்கள். 2023 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வண்டி என்றால் சர்வீசில் பெட்ரோல் டியூப், ரப்பர் வாஷர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பரில் வெடிப்பு இருந்தால் உடனே மாற்றுங்கள், எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் போய்த் தங்கும், அப்புறம் நடுரோட்டில் வண்டி நிற்கும்.

கையும் காலும்

ஒரே வண்டியை நானும் என் மைத்துனனும் ஆளுக்கு ஒரு மாதம் ஓட்டினோம். எனக்கு 47, அவனுக்கு 40. அவன் வேகமாக ஓட்டுகிறவன்கூட இல்லை, இரண்டு பேரும் வீட்டுக்கு ஒரே நேரத்தில்தான் வந்து சேர்வோம். வித்தியாசம் இதுதான்: எதிரே சிவப்பு விளக்கு தெரிந்தாலும் சிக்னல் வரை முறுக்கிக்கொண்டே போய் அங்கே பிரேக் அடிப்பான். நான் சிவப்பைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு உருண்டு போவேன், பாதி நேரம் நான் போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்துவிடும். பிரேக்கில் கரைவதெல்லாம் நாம் காசு கொடுத்து வாங்கிய வேகம்.

சிக்னலில் வினாடி ஓடுகிற பலகை இருந்தால் நல்ல வசதி. முப்பதுக்கு மேல் காட்டினால் அணைத்துவிடுங்கள், அஞ்சு வினாடி இருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் சரியாக வேலை செய்யாத வண்டி, பேட்டரி சாகக் கிடக்கிற கார் என்றால் வேண்டாம், பின்னால் இருப்பவன் ஹாரனிலேயே கொன்றுவிடுவான்.

வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் சாயங்காலம் ஊர்ந்து போகிறவர்களுக்கு கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டுகிற ஹாஃப் கிளட்ச் பழக்கம் தானாக வந்துவிடும். காரில் கிளட்ச் பெடல் மேலேயே இடது கால் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலும் போகும், கிளட்ச் பிளேட்டும் போகும், பிளேட் மாற்றுகிற செலவில் சில மாதப் பெட்ரோல் போடலாம். முன்னால் வண்டி நகர்ந்ததும் ரெண்டு அடி ரெண்டு அடியாகத் தொடராமல், கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரே தடவையாக முதல் கியரில் உருளுங்கள். நடுவில் எவனாவது ஆட்டோவை நுழைப்பான். நுழையட்டும்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுசாக விட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சினை அணையாமல் வைக்கப் பெட்ரோல் செலவாகும். அதைவிட முக்கியம், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் நியூட்ரலில் இறங்கினால் எஞ்சின் பிரேக் இருக்காது, பிரேக் மட்டுமே தாங்கிச் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். பத்து ரூபாய் பெட்ரோலுக்காக யாரும் செய்யக்கூடாத வேலை.

ஹைவேயில் வேகம்தான் எல்லாம். காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும், அதாவது 80-இல் இருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, தடை ஒண்ணரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. சென்னை–திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். என் கார் 80-இல் லிட்டருக்கு 20 கொடுக்கும், 100-இல் பதினாறரை. போகும்போது மட்டும் மூன்றரை லிட்டர் வித்தியாசம், 350 ரூபாய். கணக்குப்படி 50 நிமிடம் முன்னால் போகலாம், ஆனால் டோலில் நின்று, விக்கிரவாண்டிப் பக்கம் காபிக்கு நிறுத்தினால் அதில் பாதி போய்விடும். அவசரம் இருக்கிற நாளில் நானும் நூறில் போகிறேன். எல்லா நாளும் அவசரம் இல்லை.

ஏ.சி. போடலாமா என்று கேட்காதீர்கள், மே மாதம் சென்னையில் ஏ.சி. இல்லாமல் ஓட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கதவுகளை ஒரு நிமிடம் திறந்து வைத்து அனலை வெளியே விட்டுவிட்டு ஏ.சி. போடுங்கள், அது போதும். ஹைவேயில் ஜன்னலைத் திறந்து போவதைவிட மூடிக்கொண்டு ஏ.சி. போடுவதே மேல்.

பங்க்கில்

'ஜீரோ பாத்துக்குங்க சார்' என்று அவரே சொல்வார், அந்த நேரம் பார்த்து இன்னொருவர் வந்து 'கார்டா, ஜிபேயா?' என்று கேட்பார். நாம் திரும்புவோம். பழைய தந்திரம் இது. ஐந்நூறுக்குக் கேட்டிருப்போம், இருநூறில் நிறுத்திவிட்டு 'அய்யோ சார், இருநூறுன்னு நினைச்சிட்டேன், மீதி முந்நூறுக்குப் போடறேன்' என்று ஜீரோ செய்யாமலேயே முந்நூறில் நிறுத்துவதும் உண்டு. நமக்குக் கிடைத்தது மொத்தமே முந்நூறுக்குத்தான். எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஆனாலும் இறங்கி நின்று, எண் ஓடி முடியும் வரை மெஷினைத் தவிர எதையும் பார்க்காதீர்கள், பணத்தைப் பிறகு பேசலாம். பில் கேட்டு வாங்குங்கள், நோட்டுக்கும் உதவும்.

அளவில் சந்தேகம் வந்தால், முத்திரை வைத்த ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை முன்பின் இருக்கலாம் என்பது விதி. அதற்கு மேல் குறைந்தால் எடையளவுத் துறைக்குப் புகார் கொடுக்கலாம். நான் ஒரே ஒரு முறை கேட்டேன், முறைத்துக்கொண்டே பிடித்தார்கள், அளவு சரியாக இருந்தது. தரத்தில் சந்தேகம் என்றால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும்.

காலையில் போட்டால் குளிர்ச்சியில் அதிகம் வரும் என்பது கதை, தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியின் சூடு காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறாது. 100-க்குப் பதில் 110-க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பதும் கதைதான். கூடுதல் விலைக்கு விற்கும் 95 ஆக்டேன் பெட்ரோல் உங்கள் வண்டிப் புத்தகத்தில் கேட்டிருந்தால் மட்டும் போடுங்கள், 110 சிசி ஸ்கூட்டருக்கு அது வீண். பெட்ரோல் டியூபில் மாட்டுகிற காந்தம் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும், அவர் மேல் மரியாதை இருப்பதால் யாரென்று சொல்ல மாட்டேன்.

புதுச்சேரியில் விலை குறைவு என்று கடலூரில் இருந்து போய்ப் போட்டு வருபவர்கள் உண்டு. வரி குறைவு என்பதால் அங்கே விலை குறைவுதான். லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் என்று வைத்தால், பத்து லிட்டர் டேங்க்குக்கு 50 ரூபாய். போக வர 45 கிலோமீட்டர், பைக்கே என்றாலும் பெட்ரோல் செலவு 90 ரூபாயைத் தொடும். வேறு வேலையாகப் போனால் நிரப்பிக்கொண்டு வாருங்கள். பெட்ரோலுக்காக மட்டும் போகாதீர்கள். இதைச் சொன்னதற்கு ஒரு உறவினர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

ஓடாத கிலோமீட்டர்

மேலே சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்தால் செலவில் பத்து, பதினைந்து சதவீதம் குறையும். அதற்கு மேல் குறைக்க வேண்டுமென்றால் வண்டியை எடுக்காமல் இருப்பதுதான் வழி, அதுவும் தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு நாள்.

எனக்கு அமைந்தது மின்சார ரயில். பெருங்களத்தூரில் ஏறினால் கிண்டியில் இறங்கலாம், ஜி.எஸ்.டி. ரோட்டில் வெந்துகொண்டிருக்கிற நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறேன். டிக்கெட்டுக்கு ஆகும் பணம் பைக்கில் அஞ்சாறு கிலோமீட்டர் போகிற செலவுகூட இல்லை. வாரத்தில் இரண்டு நாள் ரயில் என்றால் மாதம் எட்டு நாள், 320 கிலோமீட்டர், பெட்ரோலில் ஏறக்குறைய 670 ரூபாய் மிச்சம். மழை நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் ரயிலுக்கு ஒதுக்குங்கள், அந்த நாட்களில்தான் வண்டி நின்று நின்று குடிக்கும். பஸ் வசதி உள்ள வழி என்றால் மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸைக் கிலோமீட்டர் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தினமும் முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பாஸ்தான் ஜெயிக்கும். வீட்டில் பெண்கள் இருந்தால் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட்டே இல்லை. என் மனைவி ஸ்கூட்டரை வாரம் மூன்று நாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறாள், எங்கள் வீட்டில் நான் எழுதும் நோட்டைவிட அவள் செய்வதில்தான் அதிகம் மிச்சமாகிறது.

பஸ்ஸும் ரயிலும் இல்லாத பக்கம் வேலை என்றால், ஒரே வழியில் போகும் ஆளைத் தேடுங்கள். இரண்டு பைக் தனித்தனியாகப் போவதைவிட ஒரு பைக்கில் இரண்டு பேர், வாரம் மாறி வாரம் வண்டி. பின்னால் ஆள் ஏறினால் மைலேஜ் கொஞ்சம் குறையும், ஆனால் செலவு பாதிக்கு வந்துவிடும். ஹெல்மெட் இரண்டு வேண்டும்.

வண்டியே பிழைப்பாக இருப்பவர்களுக்கு

ஆட்டோ, கால் டாக்சி, உணவு டெலிவரி ஓட்டுகிறவர்களிடம் போய் 'ரயிலில் போங்க' என்று சொல்ல முடியாது. சென்னையில் ஆட்டோ மீட்டர் கட்டணம் 2013 ஆகஸ்டில் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்த மாதம் சென்னையில் பெட்ரோல் 80 ரூபாயைத் தொடவில்லை. மீட்டர் போடாத ஆட்டோக்காரரைத் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு நிமிடம் பார்க்கலாம்.

அவர்களுக்கு நோட்டில் இன்னொரு பத்தி வேண்டும்: காலி ஓட்டம். ஆள் இல்லாமல் ஓடிய கிலோமீட்டரைத் தனியாக எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த கால் டாக்சி அண்ணன் ஒருவர் ஒரு மாதம் எழுதிப் பார்த்தார், நூறு கிலோமீட்டர் ஓடினால் அதில் முப்பத்தெட்டு காலி. ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டுக் காலியாகவே வேளச்சேரி வரை திரும்பி வருகிற பழக்கம் அவருக்கு. இப்போது பல்லாவரத்துப் பக்கம் நிழலில் நிறுத்திக் காத்திருக்கிறார், காலி ஓட்டம் இருபத்தைந்துக்கு வந்துவிட்டது. சவாரி ஏற்கும் முன், போய் ஏற்றுகிற தூரத்தையும் சேர்த்து மொத்தக் கிலோமீட்டரால் கட்டணத்தை வகுத்துப் பார்க்கிறார். ஆப்பில் பார்க்க 180 ரூபாயாகத் தெரிவது, போய் ஏற்றும் ஆறு கிலோமீட்டரைச் சேர்த்தால் கட்டாது என்று அப்போதுதான் தெரியும்.

சி.என்.ஜி. கிட் மாட்டலாமா என்றால், மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் யோசியுங்கள். அங்கீகாரம் உள்ள இடத்தில் மாட்டி, ஆர்.சி. புக்கில் ஏற்றி, இன்சூரன்சுக்கும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் விபத்து நடக்கும் நாளில் கிளெய்ம் கிடைக்காது. சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், டிக்கி போய்விடும், வரிசையில் நிற்கும் நேரம் தனி.

கரன்ட் வண்டி வாங்கலாமா

கேட்டது என் மைத்துனன்தான், அந்த 40 மைலேஜ் ஆள். அவனுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு இது. மின்சார ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 3 யூனிட் எடுக்கும். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடினால், சார்ஜில் வீணாவதையும் சேர்த்து 40 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டால் 320 ரூபாய். அவனுக்கு இப்போது ஆகும் 3,000 ரூபாயோடு பார்த்தால், மிச்சமாகிற பணத்திலேயே புது வண்டித் தவணையின் பெரும்பகுதி கட்டிவிடலாம். மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓடுவேன் என்கிறவருக்கு மிச்சம் ஐந்நூறு, அறுநூறு. அவர் இருக்கிற வண்டியின் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டு ஓட்டுவதே நல்லது.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. நம் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மாதம் 40 என்றால் பில்லில் 80 யூனிட் கூடும். ஏற்கெனவே 430, 440 யூனிட் வருகிற வீடு என்றால் இது 500-ஐத் தாண்டவைக்கும், தாண்டிவிட்டால் அந்த ஒன்றிரண்டு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துக்கொண்டிருந்த குறைந்த கட்டணமும் சேர்ந்து போய்விடும். அதனால் ஷோரூமுக்குப் போகும் முன் கடைசி மூன்று மின்கட்டண ரசீதை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். எடுத்தான். 465, 480, 470. மாடியில் பழைய குண்டு பல்பு நாலும், இருபது வருடத்துப் பிரிட்ஜ் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பல்பை மாற்றிவிட்டான், பிரிட்ஜைப் பற்றி அக்காவிடம் யார் பேசுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.